வைகை மணல் எங்கே போகிறது?

கம்பத்தில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். உலகத்து விவகாரம் எதுவானாலும் அதைப் பற்றித் தமக்கென்று ஓர் அபிப்பிராயம் உடையவர். "கடற்கரைகள் மாறிக்கொண்டே வருவதை விஞ்ஞானிகள் எவ்விதம் அளக்கிறார்கள் என்று எழுத உத்தேசித்திருக்கிறோம். அதற்காகவே உங்கள் ஊருக்கு வந்தோம்" என்று நாம் சொன்னதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயா, தாங்கள் வழி தவறி வந்துவிட்டீர்கள். கிழக்கே கடல் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது. மேற்கே போவதானால் மலையைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் கரை என்றால் அது வாய்க்கால் கரைதான்!" என்றார்.

நாம் பதில் சொல்லாமல் அவரை முல்லையாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றோம். இறங்கி ஒரு பிடி மணலை அள்ளி அவர் கையில் வைத்து, "இது எங்கே போகும்?" என்று கேட்டோம்.

"வெள்ளம் வந்தால் கீழே போகும்."

"கீழே என்றால்?"

"தேனிப் பக்கம் போய் வைகையில் சேரும். அப்புறம் மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். அதற்கப்புறம்..." என்று சொல்லி நிறுத்தினார்.

அந்த "அதற்கப்புறம்" என்ற ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கட்டுரை விளக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கின் இருபுறமும் நிற்கும் மலைகள் மிகப் பழமையான கருங்கல் பாறைகளால் ஆனவை. சார்னகைட் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லும் கல் இங்கே ஏராளம். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் சமாதிக்கு வைத்த கல்லும் இந்த ஜாதியைச் சேர்ந்தது. அதனால் இந்தக் கல்லுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. வெயிலும் மழையும் மரவேரும் சேர்ந்து இந்தப் பாறையைப் பல்லாயிரம் வருஷங்களாகப் பொடித்து வருகின்றன. வருஷநாட்டு மலையில் பிறக்கும் வைகையும், சுருளியாறும், குரங்கணிப் பக்கத்திலிருந்து போடி வழியாக வரும் கொட்டக்குடி ஆறும் அந்தப் பொடியைச் சுமந்து இறங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆறு செங்காவி நிறங்கொண்டு வருவதைப் பார்க்கும்போது, மலையே கரைந்து வருவதைத்தான் பார்க்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1895-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக முதன்முதலாக இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தது. கர்னல் பென்னிகுயிக்கின் பெயரைக் குழந்தைகளுக்கு வைக்கும் இந்த ஊர்களில் அந்தக் கதையை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெரியாற்றின் தண்ணீர் நமக்கு வருகிறது. பெரியாற்றின் மணல் வருவதில்லை. ஓடிவந்த ஆறு தேக்கடி ஏரிக்குள் புகுந்து நின்றவுடன், கொண்டுவந்த சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. தெளிந்த நீரே சுரங்கத்துக்குள் நுழைகிறது. தேக்கிய இடத்தில் மணல் தங்கிவிடும் என்ற இந்தச் சிறு விஷயத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரையின் கதை முழுவதும் இதைச் சுற்றியே வருகிறது.

வைகை சுமார் 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. கண்மாய் நிரம்பி மிஞ்சிய வெள்ளந்தான் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே பாக் ஜலசந்தியில் கலக்கிறது. வழியெல்லாம் கண்மாய்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, கடலுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காத நதி இது. பரமசிவனுக்கு நஞ்சைக் கொடுத்த பாவி சமுத்திரம் என்பதால் வைகை அதன் முகத்தில் விழிக்க மறுக்கிறது என்று பழம்புலவர் ஒருவர் சமத்காரமாகக் காரணம் கற்பித்துப் பாடியிருக்கிறார். ஆயினும் பெருவெள்ளக் காலங்களில் வைகை அந்தச் சபதத்தை மறந்து கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அதற்குச் சாட்சியாக முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறது. 1986-ம் வருஷத்திலிருந்து பலமுறை அங்கே அகழ்ந்து பார்த்ததில் ரோமாபுரி நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. ஒரு காலத்தில் அது பெரிய துறைமுகப்பட்டினம். இன்று கடலுக்குச் சிறிது தூரம் உள்ளே தள்ளி நிற்கிறது. ஆறு கொட்டிய மணலும் வண்டலும் கரையை வெளியே தள்ளும்போது துறைமுகம் உள்ளே போய்விடுவது உலகெங்கும் காணும் சங்கதிதான்.

கடற்கரை என்பது கல்லில் வெட்டிய எல்லை அன்று. அது ஒரு வரவு செலவுக் கணக்கு. ஆறுகள் கொண்டுவரும் மணல் வரவு. ஆழ்கடலுக்கும் அண்டை ஊர்க் கரைக்கும் அலைகள் இழுத்துச் செல்லும் மணல் செலவு. வரவு மிஞ்சினால் கரை வளரும்; செலவு மிஞ்சினால் தென்னந்தோப்பும் கோவிலும் குடிசையும் கடலுக்குள் போகும். இந்தக் கணக்கில் நடுவே ஒருவர் கையை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைப் பட்டினமே சாட்சி. அங்கே 1875-ம் வருஷக் கடைசியில் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட கற்சுவர்கள் தெற்கேயிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்து, இன்று நாம் காற்று வாங்கும் அகன்ற கடற்கரை உண்டாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கத்துக்கு மணல் வரவு நின்றது. கடல் ஊருக்குள் ஏறிக்கொண்டே வந்து, கல்லைக் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. மெரினாவில் சுண்டல் தின்பவர்கள் வடக்கே வீடிழந்தவர்களை நினைப்பதில்லை. இது மனித சுபாவம்.

சரி, இந்தக் கணக்கை எழுதுவது எப்படி?

முதற் சங்கடம், கரை எது என்பதிலேயே வந்துவிடுகிறது. அலை நொடிக்கு நொடி மாறுகிறது. ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. முப்பது அடிக்கு ஓர் அடி சரிவுள்ள கடற்கரையில் நீர் ஓர் அடி ஏறினால் ஈரக்கோடு முப்பது அடி உள்ளே வந்துவிடும். காலையில் ஒருவர் படம் எடுத்து, மாலையில் இன்னொருவர் படம் எடுத்து, "அடடா, முப்பது அடி நிலம் போயிற்றே!" என்று அலறினால் அதற்கு அர்த்தமில்லை. ஆகையால் உயர்ந்த ஓதம் எட்டும் கோடு, அல்லது நிலத்துச் செடி கொடி ஆரம்பமாகும் கோடு என்று ஏதாவது ஒன்றை நிச்சயித்துக்கொண்டு, எல்லா வருஷத்துப் படங்களிலும் அதே கோட்டைத்தான் வரைகிறார்கள்.

படங்கள் எங்கிருந்து வருகின்றன? பழைய காலத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்கள் உதவுகின்றன. 1972-ம் வருஷத்திலிருந்து அமெரிக்காவின் லாண்ட்ஸாட் செயற்கைக் கோள்கள் வானத்திலிருந்து படம் எடுத்து வருகின்றன. 1988 மார்ச்சு மாதத்தில் சோவியத் ராக்கெட்டின் தோளில் ஏறிச் சென்ற நம்முடைய ஐ. ஆர். எஸ். 1-ஏ கோளிலிருந்து, இந்தியக் கரையைப் பார்க்க இந்தியக் கண்ணே ஏற்பட்டது. அந்தக் கண்கள் நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியையும் பார்க்கின்றன. சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளியை நீர் விழுங்கிவிடுகிறது. மணலும் செடியும் திருப்பி அனுப்புகின்றன. ஆதலால் படத்தில் கடல் மையைப் போல் கறுத்தும் கரை வெளுத்தும் தெரியும். கோடு வரைவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தபின், நிலத்தில் ஓர் அடிக்கோட்டைப் போட்டு, அதிலிருந்து கடலை நோக்கிச் சம தூரத்தில் குறுக்குக் கோடுகள் இழுக்கிறார்கள். ஒவ்வொரு வருஷத்துக் கரையும் அந்தக் குறுக்குக் கோட்டை எங்கே வெட்டுகிறது என்று குறித்தால், அந்த இடத்தில் கரை வருஷத்துக்கு எத்தனை மீட்டர் முன்னேறியது அல்லது பின்வாங்கியது என்று தெரிந்துவிடும். இதில் அவசரம் உதவாது. லாண்ட்ஸாட் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் 30 மீட்டர். வருஷத்துக்கு ஒரு மீட்டர் போகும் கரையை அது இரண்டு வருஷத்தில் கண்டுபிடிக்காது; இருபது, முப்பது வருஷப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். பொறுமை என்ற குணம் யந்திரங்களுக்கும் வேண்டியிருக்கிறது!

சென்னையிலுள்ள தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களைக் கொண்டு இந்திய நிலப்பகுதியின் கரை முழுவதையும் இவ்விதம் கணக்கிட்டு, 526 வரைபடங்களாக வெளியிட்டது. நாட்டின் கரையில் சுமார் 33.6 சதவிகிதம் அரிபட்டு வந்தது, 26.9 சதவிகிதம் வளர்ந்தது. மற்றது ஏறக்குறைய நிலையாக இருந்தது. தமிழ்நாட்டில் அளந்த 991 கிலோமீட்டர் கரையில் சுமார் 423 கிலோமீட்டர் அரிப்புக்கு உட்பட்டது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல்! உலக முழுவதும் சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையே 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வானத்திலிருந்து பார்த்தால் போதுமா? போதாது. மேலிருந்து பார்ப்பவனுக்கு நீளமும் அகலமும் தெரியும், கனம் தெரியாது. அதற்குக் காலில் செருப்பில்லாமல் மணலில் நடக்க வேண்டும். கரையில் அசையாத ஓர் அடையாளக் கல்லை நாட்டி, அங்கிருந்து நேர்கோட்டில் இடுப்பளவு தண்ணீர் வரையில் உயர அளவை எடுத்துக்கொண்டே போகிறார்கள். மாதந்தோறும் அதே கல், அதே கோடு. மார்கழியில் பறிபோன மணல் பங்குனியில் திரும்பி வந்திருப்பதை இந்த அளவுதான் காட்டும். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து பத்திரிகையில் எழுதுகிறவர்கள், நாம் உட்பட, இதனாலேயே நம்பத்தகாதவர்கள்.

பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல். இலங்கைத் தீவு மதில் போல் நிற்பதால் வங்கக் கடலின் பெரிய அலைகள் இங்கே முழுப் பலத்தோடு நுழைவதில்லை. ஆனால் காற்று ஆட்சி செலுத்துகிறது. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் ஒரு திசையில் பிரயாணம் செய்கிறது. சோழகமும் கச்சானும் வீசும் மாதங்களில் திசை மாறுகிறது. இந்தக் கரையிலுள்ள மீனவர்களுக்கு இது பரம்பரை ஞானம். விஞ்ஞானிகள் அதற்கு எண் கொடுக்கிறார்கள்; மிதவைகளை விட்டு அலையின் உயரத்தையும் திசையையும் பதிவு செய்கிறார்கள். மணலைச் சல்லடையில் சலித்துப் பருமன் பார்க்கிறார்கள். அதிலுள்ள கனத்த மணிகளைப் பிரித்து எந்தப் பாறையில் பிறந்தது என்று விசாரிக்கிறார்கள். மேற்குமலைக் கல்லில் பிறந்த மணி கிழக்குக் கடலில் கிடைத்தால், ஜாதகம் பார்த்ததுபோல் அதன் பூர்வோத்தரம் வெளிப்படுகிறது.

கழிமுகத்தில் அளவு இன்னும் நுட்பமானது. ஆற்று நீர் லேசானது. கடல் நீர் கனமானது. ஆகவே நல்ல நீர் மேலே வெளியே போகும்போதே, உப்பு நீர் அடியில் உள்ளே புகுந்து வரும். மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று என்று நீர் எடுத்து உப்பைப் பார்த்தால்தான் நிலைமை புரியும். ஆற்றில் வேகம் குறைந்தால் அலைகள் மணல் திட்டைக் கட்டி வாயை அடைத்துவிடும். அடைபட்டால் மடவையும் இறால் குஞ்சும் உள்ளே வந்து வளர வழியில்லை. மீனவர் வீட்டு அடுப்புக்கும் அந்த மணல் திட்டுக்கும் இவ்வளவு சம்பந்தம்.

இனி நாம் மறுபடி மலைப்பக்கம் திரும்ப வேண்டும். ஏனென்றால் கரையில் செலவுக் கணக்கு எழுதுகிறவர்கள் வரவைத் தேடி ஆற்றோடு மேலே ஏறி வந்தால், ஆண்டிப்பட்டிக்கு அருகே ஒரு சுவர் வழிமறிக்கிறது. அதுதான் வைகை அணை. 1959-ல் திறக்கப்பட்டது; 111 அடி உயரம்; நீர் 71 அடி வரையில் தேக்கப்படுகிறது. தேக்கடியில் நேர்வது இங்கேயும் நேர்கிறது. ஆறு தேக்கத்துக்குள் நுழைந்ததும் பருமணலை முதலில் போடுகிறது. பொடி மணலைச் சற்றுத் தள்ளிப் போடுகிறது. களிமண்ணை அணையின் காலடி வரையில் கொண்டுவந்து மெதுவாகப் படியவிடுகிறது. மதகு திறந்தால் வெளியேறுவது பெரும்பாலும் சுமை இறக்கிவிட்ட நீர்.

தினந்தோறும் பத்திரிகையில் "வைகை அணை நீர்மட்டம் இத்தனை அடி" என்று படிக்கிறோம். அறுபது அடி என்றால் மகிழ்கிறோம். முப்பது அடி என்றால் மதுரையில் குடிநீர்க் கவலை ஆரம்பமாகிறது. ஆனால் 1959-ம் வருஷத்து 71 அடியும் இன்றைய 71 அடியும் ஒன்றல்ல. அடியில் வண்டல் ஏற ஏற, அதே உயரத்துக்குக் கொள்ளும் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. படிக்குள்ளே மெழுகு ஊற்றிவிட்டு அரிசி அளந்தால் எப்படியோ அப்படி. 2017 ஏப்ரலில் ஒரு மந்திரி, நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மோகோல் தகடுகளை இந்த அணையில் மிதக்கவிட்டார். காற்று அவற்றைச் சிறிது நேரத்தில் கரையில் ஒதுக்கிவிட்டது, நாடே சிரித்தது. மேலே போகும் ஆவிக்காக அவ்வளவு பேசிய நாம், கீழே படியும் வண்டலைப் பற்றி அதில் பாதியாவது பேசியிருக்கலாம்.

அந்த வண்டலை அளப்பதற்கும் கடலடியை அளப்பதற்கும் கருவி ஒன்றே. படகின் அடியிலிருந்து ஓர் ஒலியை நீருக்குள் அனுப்புகிறார்கள். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். போன ஒலி அடியில் மோதி ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால் அங்கே ஆழம் 15 மீட்டர். படகு நேர்கோட்டில் போய்வந்து போய்வந்து, உழவன் சால் ஓட்டுவதுபோல் தேக்கம் முழுவதையும் ஓட்டி முடித்தபின், அணை கட்டுவதற்கு முன் எடுத்த நில வரைபடத்தோடு ஒப்பிட்டால், உள்ளே தங்கிய வண்டல் எவ்வளவு என்று தெரிகிறது. 1944-ல் ஏற்பட்ட பூண்டி நீரியல் ஆராய்ச்சி நிலையத்தார் தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களை இவ்விதம் அளந்து வருகிறார்கள். ஓடும் ஆற்றில் எவ்வளவு நீர் போகிறது என்பதைத் தேனியிலும் பரமக்குடியிலும் மத்திய நீர் ஆணையத்தார் அளக்கிறார்கள்.

இது வைகைக்கு மட்டும் வந்த விதி அல்ல. 1970-ல் முடிந்த அஸ்வான் பேரணைக்குப் பிறகு நைல் நதியின் ரொஸெட்டா முகத்துவாரத்தைக் கடல் அரித்துக்கொண்டே போயிற்று. நம் கிருஷ்ணா நதி 1966 முதல் 1969 வரை வருஷத்துக்குச் சுமார் 90 லட்சம் டன் வண்டலைக் கீழே கொண்டுபோயிற்று; 2000 முதல் 2005 வரையிலோ அது சுமார் 4 லட்சம் டன்னாகச் சுருங்கிவிட்டது. 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி உலகம் முழுவதற்கும் கணக்குப் போட்டது. மனிதர்கள் காட்டை வெட்டியும் நிலத்தைக் கீறியும் ஆறுகளில் இறங்கும் மண்ணை வருஷத்துக்கு 230 கோடி டன் அதிகமாக்கினார்கள். ஆயினும் கடற்கரையை அடையும் மண் 140 கோடி டன் குறைந்துவிட்டது. இடையிலே போனது எங்கே? அணைகளுக்குள்ளே. பத்தாயிரம் கோடி டன்னுக்கு மேல் அங்கே உறங்குகிறது.

இந்த முரண்பாட்டைக் கம்பம் பள்ளத்தாக்குவாசிகள் தங்கள் கண்ணெதிரே பார்க்கலாம். வருஷநாட்டு மலைச்சரிவில் காடு அழிந்தால் மண் அதிகம் இறங்கும். அணை சீக்கிரம் தூர்ந்துபோகும். அப்போதும் கடலுக்கு ஒரு பிடி கூடுதலாகக் கிடைக்காது. மலைக்கும் நஷ்டம், அணைக்கும் நஷ்டம், கரைக்கும் நஷ்டம்! 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டதைப் புலிக்கான காரியம் என்று மட்டும் நினைப்பவர்கள் உண்டு. வைகையின் பிறப்பிடம் அந்தக் காட்டுக்குள்ளே இருக்கிறது. அணைக்குக் கீழேயோ வேறு கதை. சுமை இல்லாத நீர் பசித்த நீர். அது தன் படுகையையே அரித்துத் தின்னும். இந்நாட்டு ஆறுகளில் எஞ்சிய மணலுக்கும் லாரிகள் வரிசையாகக் காத்து நிற்பதை யாரும் அறிவார்கள்.

இவ்வளவு சொன்னதனால், ராமநாதபுரம் கரையில் எங்கே ஓர் அடி போனாலும் வைகை அணைமேல் பழி போடுகிறோம் என்று நேயர்கள் நினைக்கக் கூடாது. அணை வருவதற்கு முன்னரே வைகையின் வண்டலில் பெரும் பங்கைக் கண்மாய்கள் வாங்கிக்கொண்டன. காற்றும் நீரோட்டமும் பக்கத்துக் கரைகளிலிருந்து கொண்டுவரும் மணலும் இருக்கிறது. ஏறிவரும் கடல்மட்டமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிப்பதுதான் விஞ்ஞானியின் வேலை. அது சுலபமான வேலையும் அல்ல. அணையை இடித்துவிடு என்று புத்தியுள்ள ஒருவனும் சொல்ல மாட்டான்.  மதுரை மாநகரம் தண்ணீர் குடிக்கிறது. சிவகங்கையும் ராமநாதபுரமும் மதகு திறக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கின்றன.

நாம் கேட்பது வேறு. அணையில் வண்டல் அளப்பது ஒரு காகிதத்திலும், ஆற்றில் நீர் அளப்பது ஒரு காகிதத்திலும், கரையில் கோடு அளப்பது ஒரு காகிதத்திலும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க வேண்டும். அணையில் தூர் வாருவதாகப் பல முறை பேச்சு எழுந்திருக்கிறது. வாரும் வண்டலில் வயலுக்கு உதவும் களி எவ்வளவு, ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டிய மணல் எவ்வளவு என்று அப்போதுதான் சொல்ல முடியும். இல்லாவிட்டால் அதுவும் லாரியில் ஏறிப் பட்டணத்து மாடிகளாக மாறிவிடும்.

இவ்வளவையும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து நண்பருக்குச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மேகமலையின்மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த ஒரு பிடி மணலை அவர் இன்னும் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். எழுந்து வேஷ்டியைத் தட்டிக்கொண்டு, ஆற்றின் ஓட்டத்துக்கு நடுவே கை நீட்டி மெதுவாக அதைக் கொட்டினார்.

"போகட்டும் ஐயா, ஆண்டிப்பட்டி வரையிலாவது போகட்டும்" என்றார்.